எங்கள் தெருவின் நோட்டுப் புத்தகம்

“உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யாருக்கு என்ன மருந்து?” என்று 2015-ல் யாராவது என்னைக் கேட்டிருந்தால், “அதெல்லாம் எனக்கெப்படிங்க தெரியும்?” என்றுதான் சொல்லியிருப்பேன். எதிர் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது வாசனையிலேயே தெரியும். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்திருக்க வேண்டியது மட்டும் தெரியவில்லை. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. எதிர் வீட்டு டீச்சரம்மா கொடுத்தார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ராத்திரி

எங்கள் வீடு சென்னை ஜாபர்கான்பேட்டையில் இருக்கிறது. தெருக்கோடிக்குப் போனால் அடையாறு. ஆறு என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் பாதி நாள் சாக்கடை மாதிரிதான் கிடக்கும். அதனால் அதைப் பற்றி நாங்கள் யாரும் பயந்ததே கிடையாது.

2015 நவம்பர் முழுக்க மழை. அந்த ஒரு மாதத்திலேயே சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்துவிட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மறுபடியும் கொட்டத் தொடங்கியது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது. இந்தக் கணக்கெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தபோது முழங்கால் வரை தண்ணீர் இருந்தது ஒன்றுதான்.

இரண்டு குழந்தைகள், மாமியார், ரேஷன் கார்டு, நகைப்பெட்டி இவற்றோடு மாடிக்கு ஓடினோம். மாடியில் குடியிருந்தவர்களுக்கும் எனக்கும் தண்ணீர் மோட்டார் போடும் விஷயத்தில் எப்போதும் தகராறுதான். ஆனால் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து, தன் கம்பளியை எடுத்து என் மாமியாருக்குப் போர்த்தினாள். கரண்ட் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக் கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மதியம் இரண்டு மணி இருக்கும். மீனவர்கள் படகு கொண்டு வந்து தெருவில் அகப்பட்டவர்களை ஏற்றிக் கொண்டிருந்தார்கள். அந்தப் படகிலிருந்து ஒரு குரல்: “டீச்சரம்மா எங்கக்கா? யாருனா பாத்தீங்களா?”

பூவரச மரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அம்மாதான் கேட்டார். ஆற்றங்கரையிலிருந்த அவருடைய குடிசை ராத்திரியே போய்விட்டது. புருஷன், மகளோடு பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் நம் தெருப் பக்கம் வந்திருக்கிறார்.

“அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருப்பாங்க” என்றேன் நான்.

“போனதைப் பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் படகை எதிர் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். இரண்டு பையன்கள் கதவை உடைத்து உள்ளே போனார்கள். அடுப்பு மேடை மேல் குந்தியபடி, நனைந்த புடைவையோடு டீச்சரம்மா பதினான்கு மணி நேரமாக இருந்திருக்கிறார். வயது 71. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கணவர் இல்லை, ஒரே மகள் கோயமுத்தூரில். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். பிரிட்ஜ் சாய்ந்து மிதந்து, இன்சுலின் எங்கோ போய்விட்டது. தண்ணீரில் தட்டுத் தடுமாறி நடந்ததில் வலது காலில் காயம். அந்தக் காயத்தில் அழுக்குத் தண்ணீர் பட்டுச் சீழ் பிடித்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். “ராத்திரி ரெண்டு மூணு தடவை உன்னைக் கூப்பிட்டேம்மா. மாடியில மெழுகுவத்தி வெளிச்சம் தெரிஞ்சுது. மழைச் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக் கொண்டு அழுதேன்.

திண்ணையில் ஏழு பேர்

2016 பொங்கல் கழிந்ததும் மாடி வீட்டுப் பெண்ணும் நானுமாக வீடு வீடாகப் போய், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு டீச்சரம்மா வீட்டுத் திண்ணைக்கு வரும்படி அழைத்தோம். எங்கள் தெருவில் 38 வீடுகள். வந்தவர்கள் ஏழு பேர். என் வீட்டுக்காரர், “சங்கம்னு ஆரம்பிச்சா சண்டையிலதான் முடியும். உனக்கு இது தேவையா?” என்றார். மாமியாரோ, “போகட்டும் விடுடா, அன்னிக்கு அந்த மாடி வீட்டுப் பொண்ணு கதவைத் திறக்கலைன்னா நான் எங்கே இருந்திருப்பேன்?” என்று ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிட்டார்.

எங்களுக்குத் தைரியம் கொடுத்தது டீச்சரம்மாதான். அவர் இதெல்லாம் ஏற்கெனவே பார்த்தவர். 1989-ல் வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் சென்னையில் ‘எக்ஸ்னோரா’வைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பல தெருக்களில் குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு சிறு தொகை போட்டு, தெரு தெருவாகக் குப்பை பொறுக்கிக் கொண்டிருந்தவர்களுக்கே மூன்று சக்கர வண்டி கொடுத்து, வீட்டு வாசலில் குப்பை வாங்க வைத்தார்கள். டீச்சரம்மா அப்போது குடியிருந்த தெருவிலும் அது நடந்ததாம்.

அதற்கும் முந்தின கதை ஒன்று சொன்னார். 1978-ல் ஜெயா அருணாசலம் என்ற அம்மையார் சென்னையில் ‘உழைக்கும் மகளிர் சங்க’த்தை ஆரம்பித்தார். பூ விற்கிறவர்கள், இட்லி சுட்டு விற்கிறவர்கள், காய்கறிக் கூடைக்காரிகள்தான் அதில் உறுப்பினர்கள். அடமானம் வைக்கப் பொட்டுத் தங்கம் கிடையாது. அதனால் ஒரே பகுதியில் இருக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு ஏற்றார்கள். “பாருங்க, பக்கத்து வீட்டுக்காரியோட வார்த்தையே அவங்களுக்குச் சொத்தா இருந்துது. நமக்கு வீடு, வாசல், பென்ஷன் எல்லாம் இருக்கு. அந்தச் சொத்து மட்டும் இல்லை” என்றார் டீச்சரம்மா. நாங்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம்.

நோட்டில் என்ன எழுதினோம்?

முதலில் பணம் பற்றிப் பேசவேயில்லை. ஒரு நீள நோட்டு வாங்கினோம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யார் இருக்கிறார்கள், வயது, ரத்தப் பிரிவு, தினமும் சாப்பிட்டே ஆக வேண்டிய மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய சொந்தக்காரரின் போன் நம்பர், யாரால் படியேற முடியாது, யார் கர்ப்பமாக இருக்கிறாள், மாசம் எத்தனை, எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாள் என்று எழுதிக் கொண்டோம். இன்னொரு பக்கம் யாரிடம் என்ன உதவி இருக்கிறது என்ற கணக்கு: மாடி உள்ள வீடு எது, யாரிடம் ஆட்டோ இருக்கிறது, யாருக்கு நீச்சல் தெரியும், யார் ஊசி போடப் பழகியவர்.

வியாதியை எழுதத் தயங்கியவர்களும் உண்டு. “கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு, நோட்டுல எழுதாதீங்க” என்றார் ஒருவர். நியாயம்தானே? அதனால் சம்மதம் சொன்னவர்கள் விவரத்தை மட்டும் எழுதினோம். நோட்டு டீச்சரம்மாவின் பீரோவில் இருக்கும். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

அடுத்து, ‘ஐந்து வீட்டுக்கு ஒருத்தி’ என்று பிரித்துக் கொண்டோம். தன் ஐந்து வீட்டை மட்டும் அவள் பார்த்துக் கொண்டால் போதும். 38 வீட்டையும் ஒருத்தி பார்ப்பது ஆகாத காரியம். ஐந்து வீடு, சமையலுக்கு நடுவிலும் முடியும்.

இரண்டு சண்டைகள்

என் வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யாகவில்லை. இரண்டு சண்டைகள் வந்தன.

முதல் சண்டை, தெருக்கோடியில் ஆற்றோரம் இருந்த பதினோரு குடும்பங்களைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதில். “அவங்க நம்ம தெருவே கிடையாதே, பட்டா கூட இல்லை” என்றார்கள் சிலர். டீச்சரம்மா ஊன்றுகோலைப் பிடித்துக் கொண்டு எழுந்தார். “கதவை உடைச்சு என்னைத் தூக்கினவங்க அந்தக் கரையிலேர்ந்து வந்தாங்க. அவங்க பேர் இல்லாத நோட்டுல என் பேரும் வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை. இருவர் மட்டும் கோபித்துக் கொண்டு விலகினார்கள். ஒருவர் மறு வருஷம் திரும்பி வந்தார், மற்றவர் வரவேயில்லை.

அன்றுதான் இஸ்திரிக்காரம்மாவிடம் பெயர் கேட்டேன். ஆறு வருஷமாக என் வீட்டுத் துணியை அவர்தான் இஸ்திரி போட்டுக் கொண்டிருந்தார். பெயர் கேட்கத் தோன்றியதில்லை. இந்தக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டதற்கு, “பேரெல்லாம் எதுக்குக்கா? இஸ்திரிக்காரம்மான்னே எழுது, அதான் எல்லாருக்கும் தெரியும்” என்று சிரிக்கிறார்.

இரண்டாவது சண்டை பணத்தில். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்று ஒரு டப்பாவில் போட்டு வந்தோம். எட்டாவது மாதம் எண்ணினால் 640 ரூபாய் குறைந்தது. டப்பா என் வீட்டில் இருந்தது! யாரும் நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பார்த்தால், ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் ஆட்டோவும் மருந்தும் வாங்கிக் கொடுத்ததை எழுத மறந்திருக்கிறோம். டீச்சரம்மா அன்றே ஒரு விதி போட்டார். டப்பா ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில். மாதம் முதல் ஞாயிறு, வரவும் செலவும் திண்ணையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். இருபது ரூபாய்க்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றும். ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதை நான் கற்றுக் கொண்டது அப்போதுதான்.

பால் பை

தனியாக இருப்பவர்களைத் தினமும் போய் விசாரித்தால் அவர்களுக்கே சங்கடமாக இருக்கும். அதற்குச் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தோம். பால் பாக்கெட் போடுவதற்காகக் கேட்டில் பை தொங்க விடுவார்கள் அல்லவா? காலை ஏழு மணிக்கு மேலும் பை எடுக்கப்படாமல் பாலோடு தொங்கினால், அந்த ஐந்து வீட்டுக்காரி கதவைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

2018-ல் ஒரு நாள் மூன்றாம் வீட்டுத் தாத்தாவின் பை ஏழே காலுக்கும் தொங்கியது. தட்டியும் பதில் இல்லை. எங்களிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. 108-க்குப் போன் செய்து அனுப்பினோம். விழுந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாலை வரை அப்படியே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

பரீட்சைக்கு மூன்று மாதம்

எங்களால் முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டுக் கடைசியில் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒதுக்கி, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெள்ளம் வந்தால் அங்கே இருப்பது ஆபத்துதான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பிழைப்பு இங்கே, வீடு அங்கே. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மனு எழுதினோம், நாலு இடம் நடந்தோம். பள்ளிக்கூட வருஷம் முடியும் வரையாவது பொறுங்கள் என்று கேட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு குடும்பமும் சட்டி பானையை லாரியில் ஏற்றிக் கொண்டு போனபோது நாங்கள் வாசலில் நின்று கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

இஸ்திரிக்காரம்மாவின் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு மூன்று மாதம். “படிப்பை நிறுத்திட்டு என்கூட வண்டியில நிக்கட்டும்கா” என்று அவர் சொன்னபோது, டீச்சரம்மா, “அவ என்கூட இருக்கட்டும். எனக்கும் ராத்திரியில துணையாச்சு” என்றார். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் பெண் எதிர் வீட்டில். ராத்திரிச் சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோம். அல்ஜீப்ரா டீச்சரம்மா. இங்கிலீஷ், மாடி வீட்டுப் பெண். ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால், என் மாமியாரின் உபயம்! கணக்கில் 87 மார்க் வாங்கினாள். பிறகு நர்ஸிங் படித்து இப்போது வேலையில் இருக்கிறாள். காயம் பட்ட அந்தக் காலுக்கு லீவு நாளில் வந்து கட்டுப் போட்டு விடுகிறவள் அவள்தான்.

வறட்சியும் கொரோனாவும்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வற்றிப் போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. லாரி வரும்போது குடத்தோடு முட்டி மோதிய தெருக்கள் எத்தனையோ. எங்கள் தெருவில் நோட்டை வைத்து, கைக்குழந்தை உள்ள வீடு, படுத்த படுக்கையாக இருப்பவர் உள்ள வீடு முதலில் என்று வரிசை போட்டோம். மற்றவர்களுக்கு ஆளுக்கு இத்தனை குடம். முணுமுணுப்பு இருந்தது, அடிதடி இல்லை. அந்த வருஷமே எல்லா வீட்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளையும் திறந்து பார்த்தோம். 2003-லேயே தமிழ்நாட்டில் அது கட்டாயமாகிவிட்டது. ஆனால் பாதி வீட்டில் தொட்டி முழுக்க மண்ணும் சருகும்! இப்போது ஆடி மாதம் பிறந்தால் தொட்டி சுத்தம் செய்வது எங்கள் தெரு வழக்கம்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது, யார் வீட்டில் சம்பளம் நின்றது என்பது எங்களுக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. தகரத்துக்கு வெளியே ஸ்டூல் போட்டு மூன்று வேளையும் சாப்பாடு வைத்தோம். ஒவ்வொருவரும் ஒரு முதியவருக்குத் தினமும் போன் செய்ய வேண்டும் என்றும் வைத்துக் கொண்டோம். “சாப்பிட்டீங்களா? மூச்சு வாங்குதா?” இரண்டே கேள்விதான். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்ததாகப் பிறகு ஒரு பெரியவர் சொன்னார்.

எட்டு வருஷம் கழித்து

2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலே திண்ணையில் நோட்டைப் பிரித்தோம். படியேற முடியாத ஐந்து பேரை வெளிச்சம் இருக்கும்போதே மாடி வீடுகளுக்கு ஏற்றினோம். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். இன்சுலின் பாட்டில்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தோம். பிரிட்ஜ் ஓடாதபோது அதுதான் நல்ல வழி.

ராத்திரி முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. சாமான்கள் நனைந்தன, எங்கள் வீட்டு மெத்தை பாழானது. ஆனால் ஒரு மனிதர்கூடத் தனியாக இல்லை. 79 வயது டீச்சரம்மா எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக் கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, “இந்தத் தடவை கூப்பிட்டாக் கேக்கும், இல்லியா?” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

நீங்களும் தொடங்க நினைத்தால்

சகோதரிகளே, எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றை இங்கே தருகிறேன்.

1. முழுத் தெருவும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்து வீடு போதும். அடுக்குமாடியானால் உங்கள் மாடி மட்டும்.

2. பெயர்ப் பட்டியல் முதலில், பணம் பிறகு. பணம் வாங்கினால் மாதா மாதம் கணக்கை வாய்விட்டு வாசியுங்கள்.

3. வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலை செய்பவர், வாட்ச்மேன் குடும்பம், வண்டிக் கடைக்காரர் எல்லோரும் பட்டியலில் இருக்கட்டும். தெருவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

4. மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்: தண்ணீர் உள்ளே வருமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், காஸ் ரெகுலேட்டரை மூட வேண்டும்.

5. வெள்ளத்துக்குப் பின் குடிநீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே குடியுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுங்கள். கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும், தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கலந்து அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டர்.

6. வெள்ள நீரில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் சிறு கீறல் என்றாலும் அலட்சியம் வேண்டாம்.

7. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லா வீட்டிலும் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு இவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வீடு விட்டுப் போனாலும் பலனில்லை. இதைத் தெருவாகத்தான் செய்ய முடியும்.

8. ஆம்புலன்ஸ் 108, சென்னை மாநகராட்சிப் புகாருக்கு 1913, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எல்லா வீட்டுச் சமையலறைக் கதவிலும் எழுதி ஒட்டுங்கள். நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கு 2022-ல் தமிழக அரசு விதிகள் கொண்டு வந்திருக்கிறது. உங்கள் பகுதியில் சபை கூடினால் நாலு பெண்களாகப் போய் உட்காருங்கள். மழைநீர் வடிகால் தூர் வாரும் விஷயத்தை நாம் கேட்காமல் யார் கேட்பது?

முடிப்பதற்கு முன் ஒன்று. போன மாதம் இஸ்திரிக்காரம்மா வந்தபோது, வழக்கம் போல் காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, “எனக்கு ஒரு நீட்டு நோட்டு வாங்கித் தாக்கா” என்றார்.

“எதுக்கு?”

“எங்க ப்ளாக்குல மூணு கிழவிங்க தனியா இருக்காங்க. ஏழு மாடி. லிப்ட் நின்னா எறங்க முடியாது. யார் எந்த ஊட்டுல இருக்காங்கன்னே யாருக்கும் தெரியலக்கா.”

கடைத்தெருவில் நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கி வந்தேன். டீச்சரம்மா ஸ்கேல் வைத்து முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்: பெயர், வயது, மருந்து, யாரைக் கூப்பிடுவது. முதல் வரியில் இஸ்திரிக்காரம்மா தன் பெயரைத் தானே எழுதினார்.